ஸ்மோக்கருக்குள் பூஞ்சை, கரியும் பற்ற மாட்டேன் என்கிறது. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்

செராஸ்காரன்

வணக்கம் எல்லாருக்கும். கோலாலம்பூர், செராஸ் பக்கம் டெரஸ் வீடு. மாமா ஜொகூருக்கு மாறிப் போகும்போது அவருடைய ஸ்மோக்கரை, அதாவது இறைச்சியைப் புகையில் மெதுவாக வேகவைக்கிற அடுப்பை, என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நின்ற வாக்கில் உருளையாக இருக்கும் வகை, அடியில் கரி, நடுவில் தண்ணீர்ச் சட்டி, மேலே இரண்டு கம்பித்தட்டு. தீபாவளி திறந்த இல்ல உபசரிப்புக்கு ஆட்டுத் தோள்பட்டையைப் புகை போட்டு வைக்கிறேன் என்று வீட்டில் வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. இப்போது சிக்கல்.

முதலில் கரி. ஹார்ட்வேர் கடையில் மூட்டையாக வாங்கிய கட்டைக் கரிதான், போர்ச்சில் சுவரோரம் இருந்தது, மழை நேராகப் படவே இல்லை. ஆனால் பற்ற வைத்தால் படபடவென்று வெடிக்கிறது, பொறி பறக்கிறது, வெள்ளைப் புகை கிளம்பிக் கண்ணைக் கரிக்கிறது, அரை மணி நேரம் விசிறினாலும் ஒரு மூலைதான் சிவக்கிறது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி கொடியில் இருந்த துணியை எல்லாம் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்தப் பார்வையே போதும்.

அடுத்தது ஸ்மோக்கர். நனையக்கூடாது என்று கனமான உறை போட்டு அடியில் கயிறு இறுக்கி வைத்திருந்தது. போன வாரம் திறந்தால் உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சை, தண்ணீர்ச் சட்டியில் குமட்டுகிற வாடை, அடித்தட்டில் சாம்பல் சேறாகி ஒட்டிக்கொண்டு அதற்குக் கீழே துரு. இதைத் தேய்த்துப் பயன்படுத்தலாமா, இல்லை பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடலாமா? கரி பற்ற வைக்கத் திரவம் வாங்கலாமா? சாயங்காலமானால் மழை கொட்டுகிற காலம் வேறு.

ரப்பர்காட்டு அடுப்பு

தம்பி, ஸ்மோக்கரை இரும்புக்காரனுக்குக் கொடுக்காதே. உனக்கு இரண்டு பிரச்சினை இல்லை, ஒன்றுதான், ஈரம். கரிக்குள்ளும் ஈரம், இரும்புக்குள்ளும் ஈரம். ஸ்மோக்கரைப் பராமரிப்பது பற்றி வேறு யாராவது சொல்லட்டும், நான் கரியைப் பற்றிச் சொல்கிறேன், தோட்டத்தில் கரியடுப்பில் வளர்ந்தவன்.

கரி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். மழை பட வேண்டியதே இல்லை, காற்றில் இருக்கிற ஈரத்தையே இழுத்து வைத்துக்கொள்ளும். நம் ஊரில் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது, விடியற்காலையில் இன்னும் அதிகம். நீ போட்டு வைத்திருப்பது சிமெண்டுத் தரை, அதுவும் ஈரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட கரியில் நெருப்பு வைத்தால், வெப்பம் முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கத்தான் செலவாகும். உள்ளே சிக்கின ஆவி வெளியே வர வழியில்லாமல் கரியை உடைத்துக்கொண்டு வருகிறது, அதுதான் வெடிப்பும் பொறியும். கடைக்காரன் மட்டக் கரியைக் கொடுத்துவிட்டான் என்று உடனே சண்டைக்குப் போகாதே, முதலில் காயவைத்துப் பார்.

நல்ல வெயிலில் ஒரு துத்தநாகத் தகட்டிலோ பழைய தட்டிலோ பரப்பி வை. காலை பத்து மணிக்குப் பரப்பினால் மூன்று மணிக்குள் எடுத்துவிடு, இந்தக் காலத்தில் அதற்கு மேல் வானத்தை நம்ப முடியாது. காய்ந்த கரி கையில் லேசாக இருக்கும், இரண்டு துண்டைத் தட்டினால் கணீர் என்று சத்தம் வரும், ஈரக் கரி மொத்தென்று இருக்கும். காய்ந்ததும் இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் தோங்கில் போட்டுத் தரையில் வைக்காமல் இரண்டு கட்டை மேல் ஏற்றி வை. மூட்டையோடு விடாதே. அழுத்திச் செய்த உருண்டைக் கரி வைத்திருந்தால் இன்னும் கவனம், அது மாவும் தூளும் சேர்த்துப் பிடித்தது, ஈரம் பட்டால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும், வெயில் காட்டினாலும் பழையபடி வராது.

எந்தக் கரி என்று நீ எழுதவில்லை. கையில் கனமாக, உடைத்தால் பளபளப்பாக இருந்தால் பெரும்பாலும் பாக்காவ் கரி, சதுப்புநில மரத்தில் செய்தது. தைப்பிங்கிலிருந்து கொஞ்ச தூரத்தில் கோலா செபத்தாங் போனால் பார்க்கலாம், பெரிய பெரிய குவிமாடச் சூளைகளில் சதுப்புநிலக் கட்டையைப் பட்டை உரித்து நிறுத்தி, வாரக்கணக்கில் மூட்டம் போட்டுச் சுடுவார்கள். சூளை வாயில் வருகிற புகையின் வாடையை வைத்தே உள்ளே என்ன பதம் என்று சொல்கிற ஆட்கள் அங்கே உண்டு. கட்டை வருவது மாத்தாங் காட்டிலிருந்து, 1902 முதல் வனத்துறையின் மேற்பார்வையில் இருக்கிற காடு, வெட்டின இடத்தை மறுபடி 30 வருடம் வளரவிட்டுத்தான் தொடுவார்கள். ஜப்பானுக்கு ஏற்றுமதியாகிற சரக்கு அது. பற்றுவதற்கு நேரம் எடுக்கும், பற்றிவிட்டால் அசையாமல் நின்று எரியும், உன் வேலைக்கு அதுதான் சரி. சிரட்டைக் கரியும் நல்லதுதான். ரப்பர் கட்டைக் கரி சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரம் சாம்பலாகவும் போகும், சாத்தே வாட்டுவதற்கு ஆகும், ஆறேழு மணி நேர வேலைக்கு ஆகாது.

திரவம் வாங்காதே. ஒரு சிம்னி வாங்கு, அடியில் ஓட்டை போட்ட தகரக் குழாய்தான், கைப்பிடி இருக்கும். கீழே இரண்டு பக்கம் நாளிதழைக் கசக்கி வை, இறுக்கி உருட்டாதே, காற்று போகவேண்டும். காகிதத்தில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தெளித்தால் திரி போல நின்று எரியும். மேலே கரியை நிரப்பிக் கீழே நெருப்பு வை, அவ்வளவுதான். சூடான காற்று மேலே ஏற ஏறக் கீழிருந்து புதுக் காற்று தானாக வரும், விசிற வேண்டிய வேலையே இல்லை. கால் மணியிலிருந்து இருபது நிமிடத்தில் மேல் கரி ஓரத்தில் சாம்பல் பூக்கும், பாக்காவ் என்றால் இன்னும் கொஞ்சம். சிம்னியைச் சிமெண்டுத் தரையிலோ டைல் மேலோ வைக்காதே, சூட்டில் வெடித்துச் சில்லு பறக்கும். ஸ்மோக்கரின் கரித்தட்டிலேயே வைத்துப் பற்ற வை.

சுங்கைவே மச்சான்

இவ்வளவு எதற்குங்க. நான்கு சூடம் போட்டு மேலே கரியை அடுக்கினால் பற்றிக்கொள்கிறது. எங்கள் வீட்டில் சாம்பிராணிக்கு அப்படித்தான்.

ரப்பர்காட்டு அடுப்பு

சாம்பிராணிக்கு அது சரி மச்சான், சாப்பாட்டுக்கு வேண்டாம். கற்பூரம் வயிற்றுக்குள் போகக்கூடாத பொருள், இப்போது கடையில் கிடைக்கிறதில் முக்கால்வாசி செயற்கையாகச் செய்தது, எரியும்போது கரும்புகை விடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டுக்கறியில் அந்த வாடை ஏறினால் தீபாவளிக்கு வந்தவர்கள் பூசையறையில் உட்கார்ந்து சாப்பிட்ட மாதிரிதான் இருக்கும். சாம்பிராணிக்கென்று விற்கிற வட்டக் கரியும் அப்படித்தான், தீக்குச்சி காட்டினதும் பொரிந்துகொண்டு பிடிக்கிறதே, வெடியுப்பு கலந்திருப்பதால்தான். அதையும் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

சாம்பிராணி போடுகிற வீட்டிலிருந்து எடுக்கவேண்டிய வித்தை ஒன்று உண்டு. காய்ந்த சிரட்டையை நேராக கேஸ் அடுப்பில் வைத்துப் பற்ற வைப்பார்கள் இல்லையா, அதே போல இரண்டு மூன்று சிரட்டைத் துண்டைச் சிம்னியின் அடியில் காகிதத்துக்கு மேல் போடுங்கள். காகிதம் அணைந்தாலும் சிரட்டை விடாது.

தஞ்சோங் பூங்கா காத்து

செராஸ்காரருக்கு வணக்கம். எங்கள் வீடு பினாங்கில் கடலைப் பார்த்த மாதிரி இருக்கிறது, எந்த இரும்பைக் கொண்டுவந்து வைத்தாலும் உப்புக் காற்று தின்றுவிடும், ஆகையால் துரு விஷயத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

நீங்கள் போட்ட உறைதான் பூஞ்சையை வளர்த்தது. மழையை அது தடுத்தது உண்மை, உள்ளே இருந்த ஈரத்தையும் வெளியே விடவில்லை. பகலில் உறைக்குள் சூடு, ராத்திரி குளிர்ந்ததும் உள்சுவரில் தண்ணீர் முத்து முத்தாகக் கோக்கும், உள்ளே இறைச்சிக் கொழுப்பு வேறு ஒட்டியிருக்கிறது. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்.

சாம்பலைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்லவேண்டும், யாரும் கவனிப்பதில்லை. கட்டைக் கரிச் சாம்பலில் காரம் இருக்கிறது, பொட்டாசியம் உப்புகள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துச் சேறாகும், அந்தக் காரச் சேறு இரும்பின் மேல் நாள் கணக்கில் உட்கார்ந்தால் அடித்தட்டு ஓட்டையாகும் வரை விடாது. மூடி துருப்பிடிப்பதை எல்லாரும் பார்த்துப் பதறுகிறார்கள், ஸ்மோக்கர் சாவது அடியில்தான். சமைத்த மறுநாள், நன்றாக ஆறியபிறகு, வேறு எதைச் செய்யாவிட்டாலும் சாம்பலை மட்டும் வழித்து எடுத்துவிடுங்கள்.

இப்போது இருக்கிறதைச் சரி செய்ய: பூஞ்சையைக் காய்ந்தபடியே சுரண்டாதீர்கள், மூக்கில் ஏறும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே விட்டுவைத்த பழைய கரி இருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள், பூஞ்சை பிடித்த கரியும் கட்டையும் திரும்ப உபயோகிக்க வேண்டாம். தண்ணீர்ச் சட்டியைக் கொட்டி, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அப்புறம் இறைச்சி இல்லாமல் காலி ஸ்மோக்கரில் ஒரு சிம்னி நிறையக் கரி போட்டு, எல்லாக் காற்றுத் துளையையும் திறந்து நல்ல சூட்டில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். தண்ணீர்ச் சட்டி வைக்காதீர்கள், அது சூட்டை இழுத்துப் பிடிக்கும். பூஞ்சையும் பழைய கொழுப்பும் கருகிச் செதிலாக வரும், சூடு குறைந்ததும் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, கம்பித்தட்டைச் சூடான சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைக்கவேண்டும். தூரிகையின் கம்பி உதிர்ந்து தட்டில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், அது தொண்டைக்குள் போனால் ஆஸ்பத்திரிதான்.

துரு மேலோட்டமாக இருந்தால் பயமில்லை. உப்புத்தாளால் தேய்த்துவிட்டு உள்பக்கம் சமையல் எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, மறுபடி சூடேற்றுங்கள், இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குகிற அதே வேலை. மெல்லியதாக என்று சொன்னால் மெல்லியதாகத்தான், சொட்டச் சொட்டத் தடவினால் பிசுபிசுத்துக் கரப்பான் குடும்பத்தோடு குடிவரும். வெளிப்பக்கத்துக்கு அடுப்புக்கென்று வருகிற அதிவெப்ப ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கலாம். உள்ளேயோ கம்பித்தட்டிலோ எந்தப் பெயிண்டும் கூடாது. அடித்தட்டைச் சாவியால் குத்திப் பாருங்கள், உள்ளே போய்விட்டால்தான் கவலைப்படவேண்டும்.

வைக்கிற முறை: தரையில் நேராக வைக்காமல் செங்கல் மேல். கூரைக்குக் கீழே சாரல் படாத இடம் இருந்தால் உறையே வேண்டாம் என்பது என் கட்சி. போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் அடியில் கயிறு கட்டாமல் ஒரு சாண் தூக்கி விடுங்கள், ஸ்மோக்கரின் மேல் துளையும் கீழ்த் துளையும் திறந்தே இருக்கட்டும், வெயில் அடிக்கிற நாளில் உறையைக் கழற்றிப் போடுங்கள். திறந்த துளையில் குளவி மண்கூடு கட்டும், கொசுவலைத் துண்டு செருகலாம், பற்ற வைக்கும் முன்பு அதை எடுக்க மறக்காதீர்கள். கம்பித்தட்டுகளை வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள்.

உறையின் மேல் மடிப்பில் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள், தண்ணீர்ச் சட்டியிலும்தான். ஒரு வாரம் தேங்கினால் போதும், ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற அளவுக்கு வந்துவிடும். சுகாதார இலாகா வந்து புழுவைக் கண்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி சம்மன்தான், அது ஸ்மோக்கரா பூந்தொட்டியா என்று பார்க்க மாட்டார்கள்.

செராஸ்காரன்

அண்ணன்மாருக்கு நன்றி. கரியைத் தட்டிப் பார்த்தேன், மொத்தென்றுதான் இருக்கிறது. அடித்தட்டு குத்தினால் உள்ளே போகவில்லை, நல்லவேளை. இன்னும் மூன்று சந்தேகம். ஒன்று, திடீரென்று மழை வந்தால் ஸ்மோக்கரைப் போர்ச்சுக்குள் இழுத்துக்கொள்ளலாமா, எங்கள் வீட்டுப் போர்ச்சில் ஓரங்களை எல்லாம் அடைத்துப் பிளாஸ்டிக் கூரை போட்டிருக்கிறது. இரண்டு, ஆறேழு மணி நேரம் என்றால் நடுவில் கரி தீர்ந்தால் ஒவ்வொரு தடவையும் சிம்னியில் பற்ற வைத்துக் கொட்டிக்கொண்டே இருக்கவேண்டுமா? மூன்று, முடிந்ததும் தண்ணீர் ஊற்றி அணைக்கலாமா?

பெட்டாலிங் அக்கா

தம்பி, முதல் கேள்விக்கு மட்டும் நான் முந்திக்கொள்கிறேன். அடைத்த போர்ச்சுக்குள் இழுக்காதீர்கள். எரிகிற கரி கார்பன் மோனாக்சைடு விடும், அதற்கு நிறமும் இல்லை வாடையும் இல்லை, புகை அடங்கிக் கங்கு மட்டும் இருக்கும்போதுகூட வந்துகொண்டிருக்கும். ரத்தத்தில் பிராணவாயு இருக்கவேண்டிய இடத்தில் அது போய் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், வாந்தி என்றால் புகையினால் என்று நினைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள், அதுதான் ஆபத்து. போர்ச்சிலிருந்து வரவேற்பறைக் கதவு திறந்திருந்தால் வீட்டுக்குள்ளும் வரும், பிள்ளைகள் இருப்பார்கள். பிளாஸ்டிக் கூரை சூட்டில் வளைவது, பக்கத்தில் காடி நிற்பது இதெல்லாம் அப்புறம். வேலை முடிந்து "அணைந்துவிட்டது" என்று நினைத்து ராத்திரி உள்ளே வைப்பதும் கூடாது.

மழைக்கு ஒரே வழி நேரத்தை மாற்றுவதுதான். காலை ஆறு மணிக்குப் பற்ற வையுங்கள், மத்தியானம் தாண்டினதும் முடிந்துவிடும். கோலாலம்பூரில் அக்டோபர், நவம்பர் மழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் இடியோடு வரும். இறைச்சி வெந்தபிறகு தாளில் சுற்றி, பழைய துண்டில் சுருட்டி ஐஸ் பெட்டிக்குள் வைத்தால் இரண்டு மூன்று மணி நேரம் சூடு குறையாமல் இருக்கும். கொண்டோவில் இருக்கிற யாராவது இதைப் படித்தால், பால்கனியில் கரியே வேண்டாம், நிர்வாகமும் விடாது.

பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஒரு தட்டு இறைச்சியும் போகட்டும், சாப்பிடுகிறவர்களாக இருந்தால்.

ரப்பர்காட்டு அடுப்பு

இரண்டாவது கேள்விக்கு. கொட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். ஸ்மோக்கரின் அடியில் கரி போடுகிற வளையத்தை முழுக்கப் பற்றாத கரியால் நிரப்பி, நடுவில் ஒரு குழி விட்டு, சிம்னியில் பற்றின பத்துப் பன்னிரண்டு துண்டை மட்டும் அந்தக் குழியில் போடு. நெருப்பு நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாகப் போகும், மணிக்கணக்கில் தாங்கும். ஜிம் மினியன் என்ற அமெரிக்கரால் பிரபலமானதால் மினியன் முறை என்றுதான் சொல்கிறார்கள்.

இதில்தான் காய்ந்த கரியின் அருமை தெரியும். பற்றாத கரி இறைச்சிக்குக் கீழேயே ஒவ்வொன்றாகப் பற்றப் போகிறது, அது ஈரமாக இருந்தால் ஒவ்வொரு துண்டும் வெள்ளைப் புகையை இறைச்சி மேல்தான் விடும், சாப்பிட்டால் நாக்கு கசக்கும். திரவம் ஊறின கரி, பற்ற வைக்கும் ரசாயனம் கலந்த உருண்டைக் கரி இந்த முறைக்கு ஆகவே ஆகாது, காரணம் அதேதான். மெல்லிய, நீலம் கலந்த புகை வரும்போது இறைச்சியை வை, அதற்கு முன்பு அவசரப்படாதே. வாசனைக்கு நன்றாகக் காய்ந்த ரம்புத்தான் கட்டை இரண்டு துண்டு போதும். பழைய பலகை, பெயிண்ட் அடித்த கட்டை எதையும் போட்டுவிடாதே.

மேல் துளையை முழுக்கத் திறந்தே வை, சூட்டைக் கீழ்த் துளைகளில் கட்டுப்படுத்து. மேலே அடைத்தால் புகை உள்ளேயே சுற்றி இறைச்சியில் கசப்பு படியும். 107லிருந்து 121 டிகிரி செல்சியஸ் வரை நின்றால் போதும். மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறவனுக்குச் சாயங்காலம் வரை வேகாது.

மூன்றாவதுக்கு, தண்ணீர் ஊற்றவே கூடாது. சூடான தகடு கோணிக்கொள்ளும், ஆவி முகத்தில் அடிக்கும், சாம்பல் சேறாகி மறுபடி பூஞ்சையும் துருவும் ஆரம்பிக்கும். எல்லாத் துளையையும் மூடிவிடு, காற்றில்லாமல் தானே அடங்கும். மிஞ்சின கரியைச் சாம்பல் உதறி வைத்துக்கொண்டால் அடுத்த முறை புதுக் கரியைவிடச் சீக்கிரம் பிடிக்கும். ஆனால் ஒரு முழு நாள் போகாமல் அதைப் பிளாஸ்டிக் தோங்கில் போடாதே, மேலே ஆறின மாதிரி இருக்கும், உள்ளே கங்கு உயிரோடு இருக்கும். சாம்பலையும் மூடி உள்ள பழைய பிஸ்கட் டின்னில் போட்டு, வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி ஒரு நாள் வைத்துவிட்டுக் குப்பையில் கொட்டு.

சுங்கைவே மச்சான்

அப்போ சூடம் வேண்டாம். சரி. சிரட்டை எங்கள் வீட்டில் நிறைய இருக்கிறது, செராஸ்காரருக்கு வேண்டுமென்றால் தனிச் செய்தி அனுப்புங்கள், சனிக்கிழமை அந்தப் பக்கம்தான் வருகிறேன்.

செராஸ்காரன்

சிரட்டை வேண்டும் அண்ணே, செய்தி அனுப்பியிருக்கிறேன். சிம்னி, மூடி போட்ட தோங்கு இரண்டும் வாங்கியாகிவிட்டது, கரி இப்போது வெயிலில். கடைசியாக ஒன்று, தோள்பட்டை வெந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? மணிக்கணக்கு ஏதாவது இருக்கிறதா?

தஞ்சோங் பூங்கா காத்து

மணிக்கணக்கை நம்பாதீர்கள், ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு மாதிரி. குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். தோள்பட்டை பிய்த்துப் பரிமாறுகிற பதத்துக்கு நடுவில் 93 டிகிரி வரவேண்டும், எலும்பில் முனை படாமல் குத்துங்கள். 70ஐத் தாண்டினபிறகு ரொம்ப நேரம் ஏறாமல் அதே இடத்தில் நிற்கும், மேல்பரப்பில் ஈரம் ஆவியாகிக் குளிர வைப்பதால் அப்படி, நெருப்பு அணைந்துவிட்டது என்று நினைத்துக் கரியை அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். அவசரமென்றால் அந்த நேரத்தில் அலுமினியத் தாளில் சுற்றி மறுபடி உள்ளே வையுங்கள், ஏறிவிடும். மேல் தட்டில் கோழி வைக்கிற எண்ணம் இருந்தால் அதற்கு 74 போதும். ஆனால் சாறு கீழே இருக்கிற ஆட்டின் மேல் சொட்டும், அதனால் கோழியைக் கீழ்த் தட்டில் வைத்துவிடுங்கள்.